ரேலீனின் குரல் போய்வரும் வீடுகள்

இந்தத் தடவை வீடு இல்லை, ஏதோ ஒரு லாரி, என்று நினைத்தாள் ரேலீன். கண்ணாடித் துடைப்பான் அடிக்கிற சத்தம் கேட்கிறது, அப்படியானால் அங்கே மழை. இங்கே ஒரு மாதமாக ஒரு துளி இல்லை. ஓட்டுகிறவர் எதையோ மென்றுகொண்டிருக்கிறார், வறுத்த கடலையாக இருக்கும். பக்கத்தில் இன்னொரு ஆள், சின்ன வயசுக்காரன், அவன்தான் பாட்டைப் போட்டிருக்க வேண்டும். பெரியவர் இப்போது சிரிப்பார். சிரிக்கட்டும். அவர் சிரித்து முடித்தால் இந்த ஆட்டுக்கறித் தட்டை யாரிடமாவது கொடுத்துவிட்டு நான் உட்காரலாம்.

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. 'பச்சைச் சீட்டு, நாற்பத்து' என்பதுவரை வந்த குரல், எண்ணின் மறுபாதியைச் சொல்லாமல் தொண்டையை விட்டுப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை கால்பந்து கிளப்பில் இறைச்சித் தட்டைப் பரிசாகக் கொடுக்கும் சீட்டுக் குலுக்கலுக்கு வந்திருந்த அறுபது எழுபது பேரில் ஒருவரும் பதறவில்லை. மின்சாரம் போனால் உட்காருவதுபோல உட்கார்ந்துகொண்டார்கள்.

"ரே போய்ட்டா," என்றார் மதுக்கூட மேசைக்குப் பின்னால் நின்ற டூகல். "ஊத்திக்கிறவங்க இப்பவே ஊத்திக்குங்க."

"இந்தத் தடவை எங்க போயிருக்கா?"

கேள்வி காதில் விழாவிட்டாலும் எல்லாரும் கேட்பது அதுதான் என்று தெரிந்த ரேலீன், இரண்டு கைகளாலும் பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். பிறகு விரல்களை மேலிருந்து கீழே அசைத்தாள்.

"லாரி. மழை. அப்ப குயின்ஸ்லாந்துதான்."

"நல்லா நனையட்டும். ஏய் ரே, நாப்பத்து என்னன்னு விரலையாவது காட்டேன், என் கறி கெட்டுப்போகுது!"

"உன் கறியா? உன் சீட்டு நீலம்டா, வாய மூடு."

விரலால் காட்டினால் செல்லாது. எண்ணைச் சத்தமாகச் சொன்னால்தான் பரிசு என்பது அந்தக் கிளப்பின் விதி. நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தார்கள். குரல் திரும்பியதும் ரேலீன் 'ஏழு' என்றாள். ஆட்டுக்கறித் தட்டு ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்குப் போனது. அந்த வாரம் ஆட்டுக்கறி விலை ஏறியிருந்ததால் நிறையப் பேருக்கு வருத்தம்.

அடிலெய்டுக்குத் தெற்கே, கிறிஸ்டிஸ் பீச்சில், இருபத்துநான்கு வருஷமாக இதுதான் வழக்கம். 'கொட்டகை வெயில்' என்ற ஹிப்ஹாப் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டை எங்கேயாவது யாராவது முதல்முறையாகக் கேட்டால், அந்தப் பாட்டு ஓடி முடியும்வரை ரேலீன் ட்ரெசைஸின் குரல் அவளிடம் இருக்காது. கேட்கிறவர் இருக்கும் இடத்துக்குப் போய்விடும். போன குரலோடு அவள் காதும் போகும். உடம்பு மட்டும் இருந்த இடத்திலேயே, கையில் சீட்டோடோ கரண்டியோடோ, நின்றுகொண்டிருக்கும்.

அந்த ஆல்பத்தைச் செய்தவர்கள் அவளுடைய தம்பி கிம்மும் அவன் நண்பன் தியோவும். கிம் என்பது அந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். தியோவின் அப்பா மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடை வைத்திருந்த கிரேக்கர். தியோவின் உடம்பில் எப்போதும் எண்ணெய் வாசம் அடிக்கும். தானமாக வந்த சாமான்களை விற்கும் தர்மக் கடைகளின் பின்னறைகளில் மணிக்கணக்காகக் குனிந்து, யாரும் சீண்டாத பழைய இசைத்தட்டுகளைப் பொறுக்கி, அவற்றிலிருந்து ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று வெட்டியெடுத்துத் தாளம் கட்டுவது அவன் வேலை. அதன்மேல் ராப் பாடுவது கிம்மின் வேலை. 1999 டிசம்பரில் பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடிய வாரத்தில், அம்மா பெரிலின் வீட்டுக் கொல்லையில் இருந்த தகரக் கொட்டகைக்குள், சுவர் முழுக்கப் பழைய ரஜாய்களைத் தொங்கவிட்டு ஒலிப்பதிவு செய்தார்கள். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. உள்ளே எவ்வளவு என்று பார்க்க அவர்களிடம் கருவி இல்லை. ரஜாயிலிருந்து ஆவி வந்தது என்று தியோ பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்வான். அது மிகை இல்லை, ரேலீன் பார்த்திருக்கிறாள்.

அதுவரை கிம் வாயில் அமெரிக்காவை வைத்துக்கொண்டுதான் பாடினான். கிழக்கே ஒரு மணி நேரத்தில் இருக்கும் முர்ரே பிரிட்ஜைத் தாண்டி எங்கேயும் போகாத பையன், நியூயார்க்கின் சுரங்க ரயில்களைப் பற்றிப் பாடினான். அவன் வாழ்க்கையில் ஏறிய ஒரே ரயில் நோர்லங்காவிலிருந்து நகரத்துக்குப் போகிறது, அதிலும் பாதி நாள் டிக்கெட் வாங்கமாட்டான். அந்த நாட்டில் அன்று ராப் பாடிய பெரும்பாலானவர்கள் அப்படித்தான் பாடினார்கள். சொந்த வாயால் பாடினால் பால் வண்டிக்காரன் பேசுவதுபோல இருக்கிறது என்று வெட்கப்பட்டார்கள்.

ரேலீனுக்கு அப்போது இருபத்தெட்டு. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். தன் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் பழுதாகியதால் துணியோடு அம்மா வீட்டுக்கு வந்து, கொல்லையில் குடைபோலச் சுழலும் கொடியில் கணவன் கிரேமின் வேலைச் சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தியோ இசைத்தட்டுப் பெட்டியோடு உள்ளே வந்தவன் வழக்கம்போல வாசல் கேட்டைத் திறந்துவிட்டுப் போனான். கிரேவி என்ற நாய் அதற்காகவே பிறந்ததுபோலக் காதை நிமிர்த்தியது. வாயில் இரண்டு துணிக்கிளிப்புகளை வைத்துக்கொண்டிருந்த ரேலீன் அவற்றைத் துப்பிவிட்டுக் கத்தினாள்.

"கேட்டை மூடித் தொலைங்கடா! கிரேவி ரோட்டுக்கு ஓடிடும்!"

கொட்டகைக்குள் மைக் திறந்திருந்தது. ரஜாய்களைத் தாண்டி அந்தக் கத்தல் டேப்பில் ஏறியது. போட்டுக் கேட்டபோது கிம் தலையில் அடித்துக்கொண்டு அழிக்கப் போனான். தியோ அவன் கையைப் பிடித்தான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான்.

"அழிச்சே, உன்னையும் சேர்த்து அழிச்சிடுவேன். உங்கக்கா குரல் ஒண்ணுதான்டா இந்த டேப்புலயே ஒரு ஆள் பேசுற மாதிரி இருக்கு. நீ டிவிக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கே."

"அவ நாயைக் கூப்பிடுறாடா!"

"நீ யாரைக் கூப்பிடுறே? அதைச் சொல்லு மொதல்ல."

கிம் கோபித்துக்கொண்டு சில நாள் கடற்கரையே கதியென்று கிடந்தான். தோள் உரிந்துபோய்த் திரும்பி வந்தவன் பழைய டேப்பில் அக்காவின் கத்தலைத் தவிர எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தன் சொந்த மூக்கிலும் சொந்தச் சோம்பலிலும், சொற்களின் வாலை விழுங்கிக்கொண்டு பாட ஆரம்பித்தான். சுரங்க ரயில் போய்விட்டது. நோர்லங்கா ரயிலும், அப்பா கார் தொழிற்சாலைக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பையும், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியும், வெயில் சுட்ட பின்கழுத்துச் சிவப்பும், ஈயும் உள்ளே வந்தன. ஏதோ ஒரு ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவின் இசைத்தட்டிலிருந்து வெட்டிய தாளத்தின்மேல், மூன்றாவது பாட்டில் ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும், தியோ ரேலீனின் கத்தலை வைத்தான்.

"என்னடா இது, மாடு ஓட்டுறவ மாதிரி இருக்கேன்!" என்றாள் ரேலீன், கேட்டுவிட்டு.

"அதான் ரே அழகு," என்றான் தியோ. அவளுக்கு முகம் சிவந்தது. அதை அவள் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டின் கடைசியில் ஆல்பம் வந்தது. தியோவின் காரின் பின்பெட்டியிலிருந்து விற்றார்கள். முதல் பிரதி விற்ற மதியம் ரேலீன் கசாப்புக் கடையில் பன்றி இறைச்சித் துண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. காதுக்குள் கசாப்புக் கடை அணைந்து, வேறொரு இடத்தில் கூரை விசிறி ஓடியது. யாரோ ஒரு பெண் 'யாரது கத்துறது?' என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். ரேலீன் பக்கவாதம் என்று நினைத்தாள். மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் குரல் வந்துவிட்டது. மருத்துவர் தொண்டையைப் பார்த்துவிட்டு, தொண்டை நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டார்.

விதியைக் கண்டுபிடித்தது அவள் கணவன் கிரேம். கார் தொழிற்சாலையில் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவனுக்கு எதையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் பழக்கம். வீட்டில் பாட்டைப் போட்டான், ஒன்றும் ஆகவில்லை. பெரிலை அழைத்துவந்து போட்டான், ஒன்றும் ஆகவில்லை. அம்மா ஏற்கெனவே கேட்டவள். அப்புறம் புதிதாக வந்த தபால்காரரைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்துப் போட்டான். 'டீயா காபியா' என்று கேட்டுக்கொண்டிருந்த ரேலீன் 'டீ'யோடு நின்றாள். அவள் குரல் பாட்டுப் பெட்டியிலிருந்து தபால்காரரைப் பார்த்துக் கத்தியது. தபால்காரர் திரும்பி வாசலைப் பார்த்தார்.

"அப்போ புது ஆளா இருக்கணும்," என்றான் கிரேம், கழன்ற மறை ஒன்றைக் கண்டுபிடித்தவனின் நிம்மதியோடு. "மொதல் தடவைக்கு மட்டும்தான் நீ போகணும் ரே. அப்புறம் டேப்பே பாத்துக்கும்."

அன்றிலிருந்து தெருவில் ஒரு வழக்கம் வந்தது. பெர்த்திலிருந்து யாராவது விருந்தாளி வந்தால், பாட்டைப் போடுவதற்கு முன் ரேலீனுக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். 'என் அக்கா பையன் வந்திருக்கான், இப்பப் போடலாமா, இல்ல நீ ஏதாச்சும் பேசிட்டிருக்கியா?' அவள் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து 'சரி' என்பாள். தெருவுக்கு வெளியே இருக்கும் நாட்டிடம் அப்படிச் சொல்லிவைக்க முடியாது. இரண்டாம் ஆண்டில் இளைஞர்களுக்கான வானொலி ஒன்று அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் முதல்முறை கேட்டார்கள். குரல் ஒன்றுதானே, வரிசையில்தான் போக முடியும். செப்டம்பரில் போனவள் ஈஸ்டருக்குத்தான் வந்தாள். விழித்திருந்த நேரமெல்லாம் ஏழு மாதம் பேச்சு இல்லை. மகள் டெஸ் அந்த ஏழு மாதத்தில்தான் பேசக் கற்றுக்கொண்டாள், அப்பனிடமிருந்து. அதனால் அவளுடைய முதல் சொற்களில் பாதி ஸ்பேனர் வகையைச் சேர்ந்தவை.

எல்லாரும் ரேலீனுக்காகப் பரிதாபப்பட்டார்கள். தேவாலயத்தில் அவளுக்காக ஒரு முறை பிரார்த்தனைகூட நடந்தது. அவளோ சமையலறையில் உட்கார்ந்து, கை தன்பாட்டுக்குப் பட்டாணி உரித்துக்கொண்டிருக்க, டாஸ்மேனியாவில் ஒரு சலவைக் கடைக்குள் இருந்தாள். பிறகு கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில், பிறகு கல்கூர்லியில் சுரங்கத் தொழிலாளர்கள் தூங்கும் தகரப் பெட்டி அறையில், பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கையில், சிட்னிக்கு மேற்கே ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு லெபனான் வீட்டில். எல்லா இடத்திலும் முதலில் சிரித்தார்கள். தங்கள் சித்தியைப் போல, பக்கத்து வீட்டுக்காரியைப் போல ஒருத்தி பாட்டுக்குள் வந்து கத்துவாள் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. சிலர் எழுந்து வாசலை எட்டிப் பார்த்தார்கள். பிறகு அமைதியானார்கள். அந்த அமைதிதான் ரேலீனுக்குப் பிடித்தது. அதற்குள் ஒருவர் தன்னைத்தானே முதல்முறையாகப் பார்த்துக்கொள்வது கேட்கும். கண்ணாடியில் பார்க்கும்போது மூச்சு கொஞ்சம் நிற்குமே, அந்த மாதிரி. அமைதிக்குப் பிறகு சிலர், எல்லாரும் அல்ல, தாங்களே எதையோ முணுமுணுத்துப் பார்த்தார்கள். சொந்த வாயால், சொந்த ஊர்ப் பெயரோடு. நான்கு நிமிடம் முடிந்ததும் அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் தடவை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

எங்கே போனாய் என்று கேட்டால் ஊரையும் வானிலையையும் காட்டுவாள். உள்ளே கேட்டதைச் சொல்லமாட்டாள். அழைக்காமல் போன வீட்டில் கேட்டதை வெளியே பேசுவது முறை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கிரேமிடம்கூடச் சொன்னதில்லை. அப்படி அவளுக்குள், மகளும் கணவனும் தம்பியும் அறியாமல், ஒரு நாடே குடியிருந்தது.

ஆண்டுகள் போயின. சுத்திகரிப்பு ஆலையை மூடினார்கள், பிறகு கார் தொழிற்சாலையை. கிரேம் குளிர்சாதனம் பழுது பார்க்கப் போனான். கிம்மும் தியோவும் பெரிய மேடைகளில் பாடி, மேலும் மூன்று ஆல்பம் செய்து, பரிசுகள் வாங்கி, ஒரு முறை அடித்துக்கொண்டு பிரிந்து, பெரில் கூப்பிட்டுத் திட்டியதில் சேர்ந்தார்கள். 'கொட்டகை வெயில்' வந்த பிறகு அந்த நாட்டில் யாரும் வாயில் அமெரிக்காவை வைத்துக்கொண்டு பாடினால் சிரிப்பார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பத்திரிகைகள் சொல்லித் தெரிய வேண்டிய நிலையில் ரேலீன் இல்லை. வானொலியில் புதிதாக யாராவது பாடும்போது அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்ப்பாள். இது அந்தச் சலவைக் கடைப் பையன், இப்போது குரல் உடைந்திருக்கிறது. இது அந்த லெபனான் வீட்டில் 'உப்பை இந்தப் பக்கம் தள்ளு' என்ற பெண். ஒரு மார்ச் மாதம் கடற்கரைத் திடலில் நடந்த விழாவில், செடூனாவிலிருந்து வந்த ஒரு பெண் தன் பழங்குடி மக்களின் மொழியில் பாதியும் ஆங்கிலத்தில் பாதியுமாகப் பாடினாள். பாட்டுக்கு நடுவில் அவள் சிரித்த சிரிப்பு ரேலீனுக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன் தன் மாமாவின் காரில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தது அது. ரேலீன் வரிசையில் நின்று அவளிடம் ஒரு சட்டை வாங்கினாள். 'நல்லாப் பாடினம்மா நீ' என்றாள். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, பிறகு அவளை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தாள், எங்கேயோ கேட்ட குரலை இடம் கண்டுபிடிக்க முயல்கிறவள்போல. பின்னால் ஆள் நின்றதால் ரேலீன் நகர்ந்துவிட்டாள்.

பெரில் இறந்தது பதினோரு வருஷத்துக்கு முன், ஆகஸ்டில், ஒரு மத்தியானம். அது மட்டும்தான் குடும்பத்தில் ஆறாத விஷயம். மருத்துவமனைக் கட்டிலின் ஒரு பக்கம் ரேலீன், மறுபக்கம் கிம். அம்மா கண்ணைத் திறந்து மகளைப் பார்த்து எதையோ கேட்டாள். ரேலீன் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் போயிருந்தது. அவள் வெறுமனே தலையை ஆட்டினாள், அம்மாவின் கையைப் பிடித்தபடி. குரல் திரும்பியபோது அம்மா இல்லை. கிம் அன்று வராந்தாவில் நின்று தன் ஆல்பத்தைப் பச்சையாகத் திட்டினான். என் பாட்டு என் அக்காவை அம்மாவுக்குப் பதில் சொல்லவிடாமல் செய்துவிட்டது என்று தியோவிடம் அழுதான். அதற்குப் பிறகு மேடையில் அந்த மூன்றாவது பாட்டை அவன் பாடுவதில்லை. கூட்டம் எவ்வளவு கேட்டாலும் பாடுவதில்லை.

ஆகவே போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு வந்த கிம் கைபேசியை மேசையில் வைத்தபோது அவன் முகத்தில் இருந்தது வியாபாரம் இல்லை. ஆல்பத்துக்கு இருபத்தைந்து ஆண்டு நிறையப் போகிறது. புதுப் பதிப்பு வரும். அதில் மூன்றாவது பாட்டில் மட்டும், ரேலீனின் கத்தலை எடுத்துவிட்டு, மெல்போர்னில் முறையாகப் பாட்டுக் கற்ற ஒரு பெண்ணின் குரலை வைத்திருக்கிறான். புதுப் பதிப்பு வந்ததும் பழையதை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுவார்கள். இனிமேல் முதல்முறை கேட்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பெண்ணைத்தான் கேட்பார்கள். தியோ மட்டும், ரே சரியென்றால்தான் சரி என்று சொல்லிவிட்டான்.

"கேளு ரே," என்று போட்டான்.

நல்ல குரல். ஈரமான, வட்டமான குரல். ரேலீன் கவனமாகக் கேட்டாள். கிரேம் உருளைக்கிழங்கை வாயில் வைத்தபடி கேட்டான்.

"இந்தப் பொண்ணு கேட்டை மூடச் சொல்லலையே," என்றான். "கெஞ்சுதே."

"நீ சும்மா சாப்பிடு கிரேம்."

"சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன். கிரேவி இதைக் கேட்டிருந்தா இந்நேரம் பாதி வழி சிட்னி போயிருக்கும்."

கிரேம் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். சில நேரம் அவனுக்கு எப்போது எழ வேண்டும் என்று தெரியும்.

"டெஸ் கல்யாணம் மார்ச்ல," என்றான் கிம். "நீ எழுந்து நின்னு பேசணும். பாதியில உன் குரல் எவனோ ஒருத்தன் காருக்குப் போயிடக் கூடாது. டெஸ்ஸுக்காகவாச்சும் யோசி. ஏற்கெனவே ஒரு தடவை அம்மாவுக்கு..." அவன் உப்புப் புட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தான். "என்னால தூங்க முடியல ரே. பதினோரு வருஷமா. அம்மா என்ன கேட்டாங்கன்னுகூட எனக்குச் சரியாக் காதுல விழல. நீ ஒண்ணும் சொல்லாம அவங்க போயிட்டாங்க. என்னாலதானே."

ரேலீன் அவன் உச்சந்தலையைப் பார்த்தாள். முடி கொட்டியிருந்தது. கொட்டகையிலிருந்து ஆவி பறக்க வெளியே வந்த பையனுக்கு இப்போது நாற்பத்தைந்து. இத்தனை வருஷம் இவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினானே, அது கூச்சம் என்றல்லவா நினைத்தேன், என்று எண்ணினாள். வீடுகளில் கேட்டதைச் சொல்வதில்லை என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட விதி. ஆனால் அந்த ஒரு வீட்டில் நடந்ததில் இவனுக்கும் பங்கு இருக்கிறது. அம்மா இவனுக்கும் அம்மா.

"அம்மா என்ன கேட்டாங்க தெரியுமா?" என்றாள். "வீட்ல இருக்கோம்னு நெனச்சிட்டாங்க. தெனம் படுக்கப் போறப்ப கேப்பாங்களே, அதைத்தான் கேட்டாங்க. 'கேட்டை மூடியாச்சா?'"

கிம் நிமிர்ந்தான்.

"பதில் சொல்ல வாயத் தொறக்குறேன், போயிட்டேன். ஏதோ ஒரு பண்ணை வீடு. சமையல்கட்டு. மேசை மேல யாரோ பாட்டைப் போட்டுட்டு உள்ள போயிட்டாங்க. ஒரு வயசான மனுஷன் தனியா உக்காந்திருக்காரு. என் கத்தல் வருது. அவரு 'யாரும்மா அது?'ன்னாரு. நாற்காலிய நகத்துறாரு. பூட்ஸ் சத்தம், கதவு, அப்புறம் சரளைக் கல்லு மேல நடக்குறாரு. ரொம்ப தூரம்டா. கேட்டைச் சாத்திக் கொண்டி போடுறது எனக்குக் கேட்டுது. திரும்பி வந்து உக்காந்தாரு. 'மூடியாச்சு கண்ணு'ன்னாரு. பாட்டைப் பாத்துச் சொன்னாரோ, யாரைப் பாத்துச் சொன்னாரோ." அவள் துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள். "அதைக் கேட்டுட்டுத்தான் நான் அம்மாவுக்குத் தலையாட்டுனேன். பொய்யா ஆட்டல. அம்மா அதைப் பாத்தாங்க. பாத்துட்டுத்தான் கண்ண மூடினாங்க."

கிம் பேப்பர் கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினான், இரண்டு முறை, சத்தமாக.

"ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"அது அவரு வீடு."

"பைத்தியக்காரி," என்றான் தம்பி, மிகப் பிரியமாக. சிரிக்கப் பார்த்தான். கைபேசியைக் கையில் எடுத்து, அணைந்திருந்த திரையைக் கட்டைவிரலால் தடவினான். அவன் முகம் தெளிந்திருந்தது, ஆனாலும் கேட்க வந்ததை அவன் விடவில்லை. அக்காவுக்கு ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று பதினோரு வருஷம் நினைத்தவனால் அதை அவ்வளவு சுலபமாகக் கீழே வைக்க முடியாது. "அது அன்னிக்கு ரே. அதிர்ஷ்டம். எல்லா நாளும் ஒரு பெரியவர் எழுந்து போயி மூடமாட்டாரு. டெஸ் கல்யாணத்தன்னிக்கு எவனாவது குடிகாரன் கேப்பான், நீ எல்லார் முன்னாடியும் வாயத் தொறந்துட்டு நிப்பே. உன் குரல் உனக்கே வந்துடும்ங்கிறேன். முழுசா. சாகுறவரைக்கும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே சிட்னியில இருக்கிற கம்பெனிக்குச் சொல்லிடுறேன்."

அவன் சொன்னது முழுக்க நிஜம் என்று ரேலீனுக்குத் தெரிந்தது. டெஸ்ஸின் முகம் நினைவுக்கு வந்தது. அம்மா எழுந்து நின்று நடுவில் நிறுத்திவிட்டால் அவள் என்ன செய்வாள்? காத்திருப்பாள். அம்மா எங்கேயோ போயிருக்கிறாள், வருவாள் என்று, ஸ்பேனரைக் கேட்டுப் பேசக் கற்ற நாளிலிருந்து காத்திருந்து பழகிய பெண். மாப்பிள்ளை வீட்டார்தான் கொஞ்சம் திகைப்பார்கள். அவர்களுக்கு கிரேம் விளக்கிச் சொல்வான், மறை மறையாகக் கழற்றி. குரல் முழுசாக என்னிடமே இருந்தால் நான் என்ன பேசிவிடப் போகிறேன் என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். பேசுவதற்கு நிறைய இருக்கலாம். ஆனால் வெறும் சமையலறையில், வெறும் பட்டாணியோடு மட்டும், பேச்சோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை நினைத்தபோது அவளுக்கு அந்தப் பெண்மேல் பாவமாக இருந்தது.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

கிம் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். இருபத்துநான்கு வருஷம் அதைப் பார்த்துப் பழகியவன். ஒன்றும் கேட்காமல் எழுந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தான், இரண்டு கோப்பைகளை எடுத்தான், கிரேமுக்கென்று மூன்றாவதையும். வெளியே கிரேம் யாரோ பக்கத்து வீட்டுக்காரரோடு குளிர்சாதனப் பெட்டி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது ரேலீனுக்குக் கேட்கவில்லை. அவள் வேறிடத்தில் இருந்தாள். மாடி வீடு, தூரத்தில் டிராம் மணி. குழாய் ஒன்று சரியாக மூடாமல் சொட்டுகிறது. ஒரு பெண், சின்னப் பெண் இல்லை, நாற்பது வயதாவது இருக்கும், வேறு மொழியில் யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், கத்தலைக் கேட்டு நின்றாள். சிரித்தாள். பிறகு அந்த அமைதி வந்தது. பிறகு அந்தப் பெண், மிகவும் கூச்சத்தோடு, அந்த வரியைத் தன் வாயில் வைத்து ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். அழுத்தம் எல்லாம் வேறு எழுத்துகளில் விழுந்தது. அவளுக்கே அது பிடித்திருக்க வேண்டும், மறுபடியும் சொன்னாள், இந்த முறை நன்றாக உரக்க.

டீ ஆறத் தொடங்கியபோது குரல் திரும்பி வந்தது. ரேலீன் அதைத் தொண்டைக்குள் உணர்ந்தாள். வெளியே போய்வந்த கையைப்போல அது கொஞ்சம் குளிர்ந்திருந்தது. கிம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம், கிம்," என்றாள், அந்த மாடி வீட்டில் இருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெல்ல.